தானே ஓடும் கம்ப்யூட்டரும் தற்காலிகமான நானும்

சாப்ட்வேரைப் பொட்டலம் கட்டுகிற தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு நாம் செய்வது வேலையாகவே தெரியாது.

பிராட்பேண்ட் அப்போதுதான் கும்மிடிப்பூண்டியை எட்டிப் பார்த்த காலம். நான் வேலை பார்த்த இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில், காசு செலவழிக்க மனமில்லாத முதலாளி எல்லாக் கம்ப்யூட்டரிலும் இலவச லினக்ஸ் போடச் சொல்லிவிட்டார். பில் போடும் புரோகிராமில் ஒரு கமா மாறினாலும் கேட், எடைமேடை, ஸ்டோர்ஸ் என்று சிடியோடு அலைவேன். கால் தேய்ந்தபிறகு புத்தி வந்தது. நான் திருத்தியதும் புரோகிராம் தானே பேக்கேஜ் என்கிற பொட்டலமாகி, ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியே தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட் என்கிற குட்டிப் புரோகிராம் ஒன்றை எழுதினேன்.

நான் தற்காலிக ஊழியன். பள்ளிப்பட்டில் பெண் பார்த்திருந்தோம். வேலை நிரந்தரமானால்தான் மேற்கொண்டு பேச்சு என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். மேனேஜரோ, "முதல்ல இது ஒழுங்கா ஓடட்டும், பார்க்கலாம்" என்றார்.

தட்டில் சரக்கு

எடைமேடையில் காஜா பாய். பழவேற்காட்டுக்காரர். எளாவூர் செக்போஸ்டில் காத்துக் காத்து நொந்துபோன ஒரு ஆந்திரா லாரி மேடையில் ஏறி நின்ற நேரம் பார்த்து, அவருடைய கம்ப்யூட்டர் புதுப் பொட்டலத்தைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் இருந்த எடை காணாமல் போயிற்று. பின்னால் ஒரே ஹாரன். நான் ஓடிப்போய், "ரெண்டு நிமிஷம், புதுசு ஏறுது" என்றேன். டிரைவர் இறங்கி வந்தார்.

"நைனா, சரக்கு தட்டுல இருக்கசொல்ல தராச மாத்துனா இன்னா நாயம்?"

ஸ்டோர்ஸ் சட்டம்

அன்று முதல் பொட்டலங்கள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இறங்கும்படி மாற்றினேன். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் அப்போதும் அடம்பிடித்தது. இதைப் போட முதலில் இன்னொரு பொட்டலம் வேண்டும் என்றது. அதைக் கொடுத்தால், அதற்கு முன் வேறொன்று. உங்களுக்குத் தெரியாததா? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்டோர்கீப்பர் அந்தோணி அண்ணன் சிரித்தார்.

"நான் ஒரு நட்டு குடுக்கவே மூணு கையெழுத்து கேக்குறேன்ல தம்பி, எங்கூடவே இருந்துகினு அதுக்கும் அந்தப் புத்தி வந்துச்சி."

சும்மா இருந்த குற்றம்

அந்த மற்ற பொட்டலங்களையும் ஸ்கிரிப்டே தேடி எடுத்துக்கொள்ளும்படி செய்தேன். பிறகு ஒரு கோளாறும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. பெருமையாக உட்கார்ந்திருந்த என்னை மேனேஜர் அழைத்தபோது, ஸ்வீட் வாங்கி வரலாமா என்றுகூட யோசித்தேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எந்நேரமும் சும்மாவே உக்காந்துகினு இருக்கியே, உன்னை எதுக்குப்பா பர்மனென்ட் பண்ணணும்?"

காஜா பாய் வைத்தியம்

டீக்கடையில் விஷயத்தைக் கேட்ட காஜா பாய், "கம்ப்யூட்டர் ஓடுனா பத்தாது, நீ ஓடணும்பா" என்றார். மறுநாள் காலை மேனேஜர் அறைக்கே போன் செய்தார்: "சார், கம்ப்யூட்டர் ஒரே பேஜாரு, தம்பிய அனுப்புங்க." அவர் போனை வைத்ததும், பேசிவைத்தபடி அந்தோணி அண்ணன். தினமும் இதே கதை. நான் ஸ்க்ரூடிரைவரோடு மேனேஜர் கண்ணெதிரே ஓடுவேன்; போன இடத்தில் டீயும் வடையும் காத்திருக்கும். லினக்ஸுக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. மாதக் கடைசியில் என் நிரந்தர உத்தரவை முதலாளியிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"சார், இந்தப் பையன் ஒரு நாள் லீவு போட்டா ஃபேக்டரியே நின்னுடும்."

வேலையைத் தானாக நடக்க வைத்த வரையில் தற்காலிகமாக இருந்த நான், அது நடக்காததுபோல் நடிக்க இரண்டு பேர் கிடைத்ததும் நிரந்தரமாகி, பள்ளிப்பட்டுக்கு மாப்பிள்ளையும் ஆனேன்.