கார் ஷெட்டில் ஒரு போட்டிக்காரன்

மின்சாமான் கடையின் கவுண்டருக்கு முன்னால் கண்ணாடிக்கடைக்காரர் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்துகொண்டிருக்கிறார். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் சென்சார் சுவிட்சுகளில் எது தன்னை முதலில் கவனிக்கிறது என்று பார்க்கிறாராம். ஒன்று சட்டென்று விளக்கைப் போடுகிறது. இன்னொன்று அவர் பாதி தூரம் கடந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறது. "இதுக்குக் கிட்டப்பார்வை" என்று அதை ஒதுக்குகிறார். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்து மூக்குக்கண்ணாடி கொடுப்பவர், சுவிட்சின் கண்ணை மட்டும் சோதிக்காமல் விடுவாரா?

"ஏன் சார், சுவிட்ச் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை தேட வந்தீங்களா?" என்கிறார் மின்சாமான் கடைக்காரர்.

"என் சகலை வீட்டு ஷெட்டுல ஒண்ணு இருக்கு. அதைவிட ஒரு படி மேல வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வயிற்றெரிச்சல்! அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்குத் தெரியாதா? அதனால்தானே என்னையும் துணைக்கு இழுத்து வந்திருக்கிறார்.

சகலை என்பவர் அவர் மனைவியின் அக்கா கணவர். அங்கே பெரிய ஃபிரிட்ஜ் வந்தால், இங்கே சமையலறைக் கதவைக் கழற்றியாவது அதைவிடப் பெரியது உள்ளே போகும். சகலைக்குத் தொப்பை குறைந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, இவர் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. பிறகு சகலையைக் கடைத்தெருவில் நேரில் பார்த்தார். தொப்பை அப்படியேதான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்.

ஆனால் இந்த விளக்குக் காயம் வேறு மாதிரி. போன மாதம் விருந்துக்குப் போனபோது, சகலையின் ஷெட்டில் கால் வைத்ததுமே விளக்கு தானாக எரிந்திருக்கிறது. இவருடைய மனைவி அப்படியே நின்றுவிட்டாராம். "அத்தான், உங்க வீட்டு விளக்குக்குக்கூட நான் வர்றது தெரியுதே!" என்று சொன்னபோது அந்த முகத்தில் வந்த மலர்ச்சியை இவர் பார்த்தார். தனக்காக அப்படி மலர்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தார். அன்றைய விருந்தில் எது வாயில் போனாலும் சாம்பலாகத்தான் இருந்ததாம்.

கடைக்காரர் பொறுமையாக விளக்குகிறார். "வீட்டுக்குள்ள போற கதவு பக்கத்துல மாட்டுங்க. அலமாரி கிலமாரி மறைக்கக் கூடாது. கார்ல உக்காந்திருக்கிற வரைக்கும் இதுக்குத் தெரியாது, கண்ணாடி தடுத்துடும். கதவைத் திறந்து இறங்கினா பளிச்சுனு எரியும். கீழ பட்டனும் இருக்கு, கையாலயும் போட்டுக்கலாம்."

"கை எதுக்குய்யா? அதான் அதுவே பாத்துக்குமே!"

மறுநாளே மாட்டியாயிற்று. விதியைப் பாருங்கள், அதன் முன்னால் முதலில் வந்து நின்ற விருந்தாளி சகலைதான். விளக்கு கொஞ்சமும் யோசிக்காமல் முழு வெளிச்சத்தையும் அவர் காலடியில் கொட்டியது. "பலே சகலை! நம்ம வீட்டுது மாதிரியே இருக்கே!" என்று இவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். இவர் என்னிடம் வந்து பல்லைக் கடித்தார். "யாரைப் பாத்தாலும் இளிக்குதுங்க. பூனை வந்தாலும் இதே வெளிச்சம்தான்."

அதையும் பொறுத்துக்கொண்டார். மனைவி வரவேண்டுமே! அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். காரை ஷெட்டுக்குள் விடும்போது பொழுது சாய்ந்திருக்கும். இத்தனை வருடமும் கார் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஷெட் விளக்கைப் போடுவது இவர் வேலை. "முந்திக்கிட்டீங்களா?" என்று அவர் சிரிப்பார். பையை இவர் வாங்கிக்கொள்வார். காருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில், உள்ளே போகவே மறந்து இருவரும் பேசிக்கொண்டு நிற்பார்கள். மாடிப்படியில் இறங்கும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று கார்க் கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததும் உண்மைதான். ஆனால் உள்வாசலில் காத்திருந்த கணவரை அது தாண்டிப் போய்விட்டது. அந்த அம்மாள் நேராகச் சுவரிடம் போய், "தேங்க்ஸ்டா கண்ணு!" என்று சுவிட்சைச் செல்லமாகத் தட்டினார். "இனி நீங்க ஓடி வர வேணாங்க. நிம்மதியா டிவி பாருங்க" என்று தானே பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே, இவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். சகலையைக்கூட இவர் அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை. "என்னைக்காவது என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டிருக்காளா?" என்றார் மாடிப்படியில் நின்ற என்னிடம்.

மறுநாள் மாலை. தெருமுனையில் கார் திரும்பும் ஓசை கேட்டதுமே ஷெட்டுக்குள் பாய்ந்தார். சுவிட்ச் அவரையும் கண்டு வெளிச்சம் போட்டது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து, அதன் கண்ணை இறுக்க மூடினார். பட்டனை அமுக்கி விளக்கை அணைத்தார். கார் உள்ளே வந்து நின்றது. இருட்டில், பட்டன்மேல் பெருவிரலை வைத்தபடி, கதவு திறக்கும் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.