அஷ்டமி அன்று வண்டி யாருக்கு

எங்கள் வீட்டில் கைதான் முதலில் பேசும். வாய் அப்புறம்தான் வரும். நானும் என் தம்பியும் சின்ன வயதில் அடித்துக்கொண்டது போதாதென்று, கல்யாணமாகிப் பிள்ளை குட்டி வந்த பிறகும் அடித்துக்கொண்டோம். கடைசியாக நடந்தது தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில். அம்மாவுக்குக் கண்புரை எடுக்கும் நாள். காலையில் கூட்டி வருகிறேன் என்றவன் அறுப்பு மெஷினை எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் போய்விட்டான். மத்தியானத்துக்கு மேல், தலையெல்லாம் நெல் தூசியோடு அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தி, "மறந்தே போச்சுக்கா" என்றான். டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். பளாரென்று ஒன்று விட்டேன். அவன் வெளியே போய் என் ஸ்கூட்டியை எட்டி உதைத்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது.

"அடிச்சுக்கிட்டுச் சாவுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அம்மா தானாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

வழி சொன்னவர் என் கணவர். "ஒங்க ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஒரு காலண்டர் பாக்குறீங்கள்ல, அத வீட்டுக்கும் போட்டுத் தொலைங்க" என்றார். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யாருக்கு எந்த நாள் தேர்வு வேலை, எந்தக் கூட்டம் எப்போது என்பதெல்லாம் அங்கே ஆன்லைன் காலண்டரில்தான் இருக்கும். அன்று சாயங்காலமே எங்களுக்கும் ஒன்று போட்டேன். வீட்டு விஷயம் மஞ்சள், வண்டி விஷயம் பச்சை. அம்மாவின் கண், என் மகளின் பரீட்சை, தம்பி மகனின் காதுகுத்து, தம்பியின் மெஷின் எந்த நாள் யார் வயலில் இறங்குகிறது, எல்லாம் ஒரே இடத்தில். அவன் ஒன்றை மாற்றினால் என் போன் கத்தும். நான் மாற்றினால் அவன் போன் கத்தும். வயல்காரர்களையும் அவரவர் நாளில் சேர்த்துவிட்டேன். ஏதாவது மாறினால் அவர்கள் போனுக்கும் தகவல் போய்விடும். "வண்டி எப்பக்கா வரும்?" என்று ஆளாளுக்கு என் உயிரை எடுப்பது அதோடு நின்றது. கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அதில் அஷ்டமி, நவமி இரண்டையும் நான் எங்கள் தெருவுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். பெரிய நிலக்காரர்கள் அந்த நாட்களில் கதிரில் அரிவாள் வைக்க மாட்டார்கள். மெஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நல்ல நாளெல்லாம் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு மா, இரண்டு மா நிலம்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் அதுவும் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். "அஷ்டமியாவது ஒண்ணாவது, வண்டி வந்தாப் போதும்" என்பார்கள்.

அந்தக் குறுவை அறுப்பில் மழை முந்திக்கொண்டது. நவமி அன்று பெருமழை என்று டிவியில் அறிவிப்பு வந்துவிட்டது. தெரு வயலெல்லாம் அஷ்டமிக்கு. என் அப்பா கூலிக்கு நின்ற பண்ணை வீட்டு வயல் தசமிக்கு. அந்த வீட்டு அம்மாளே பஞ்சாங்கம் பார்த்துக் கேட்டு வாங்கிய நாள் அது. அஷ்டமிக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த அம்மாளின் மகன் எனக்கு போன் செய்தார்.

"மேடம், நாளைக்கே வண்டிய எங்க வயல்ல எறக்கிடுங்க."

"நாளைக்கு அஷ்டமிங்க. ஒங்க அம்மாதான் வேண்டாம்னு சொன்னாங்க."

"மழைக்கு அஷ்டமி தெரியுமா? எறக்கச் சொல்லுங்க."

"நாளைக்குத் தெருவுக்குப் போட்டாச்சு. அவங்க நெல்லும் நெல்லுதாங்க."

அதோடு அவர் பேச்சில் மரியாதை கழன்றது. "ஏய், ஒங்கப்பன் எங்க வாசல்ல நின்னவன். தெரிஞ்சு பேசு."

"அவரு நின்னாரு. நான் நிக்கல. போன வைடா" என்று சொல்லி நானே வைத்தேன். அவர் எதிரே இருந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன்.

மறுநாள் காலை நான் அலுவலகத்தில் இருந்தேன். தம்பி வெண்ணாற்றங்கரையில் வண்டியை நிறுத்தி கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். தெருக்காரர்கள் ஒரு மைல் தள்ளி, வயல் வரப்பில் அவனுக்காகக் காத்திருந்தார்கள். என் போன் கத்தியது. எடுத்துப் பார்த்தால், அஷ்டமிக்கு நான் போட்டிருந்த தெருவின் பெயர் இல்லை. அந்த இடத்தில் பண்ணை வீடு.

எனக்கு வந்த ஆத்திரம் முழுக்கத் தம்பி மேல்தான். அவன் அப்படித்தான். பண்ணை வீட்டு ஆள் தோளில் கை போட்டு "என்னப்பா" என்றால் உருகி ஊற்றிவிடுவான். போன் போட்டேன், எடுக்கவில்லை. சரிதான், என் முகத்துக்குப் பயந்து எடுக்கவில்லை என்று நினைத்து, பண்ணையை அழித்துத் தெருவைத் திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி பண்ணை. மறுபடி நான் தெருவைப் போட்டேன். மறுபடி பண்ணை. பக்கத்து சீட்டுக்காரி, "என்னாச்சு, யாரோட சண்ட?" என்றாள். நான் தெருவைத் திரும்பப் போட்டு, பக்கத்திலேயே எழுதினேன்: "எருமை, இன்னொரு தடவ மாத்துன, அம்மா வீட்டுப் படி ஏறாத."

அடுத்த மாற்றம் வந்தது. அதிலும் எழுத்து இருந்தது.

"உன் தம்பி இங்க கெடக்குறான். மாத்துனா இன்னும் வாங்குவான்."

என் விரல் போன் மேலேயே நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் நான் யாரிடம் மல்லுக்கு நின்றேன் என்று அப்போதுதான் விளங்கியது. தெரு நெல் மண்ணாய்ப் போகட்டும், அவன் உயிரோடு இருந்தால் போதும் என்று பண்ணையை அப்படியே விட்டுவிட்டேன். போலீசுக்குச் சொன்னேன். தெருவில் ஒருவரைக் கூப்பிட்டேன். மூச்சிரைக்க, "பாத்துட்டோம்க்கா, ஆத்தங்கரைக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

பண்ணை வீட்டு மகனுக்கு ஒன்று தெரியாது. அந்த நாளில் தெரு முழுக்கச் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் எனக்கென்று எழுதிய மிரட்டல் வரப்பில் நின்றவர்கள் எல்லோருடைய போனிலும் கத்தியிருக்கிறது. நான் எருமை என்று திட்டியதும்தான்.

நான் ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது கரையில் அவருடைய கார் கண்ணாடி ஒன்றுகூட இல்லாமல் நின்றது. கூட வந்த இரண்டு பேரும் ஆற்றில் குதித்துத் தப்பிவிட்டார்களாம். அவர் மட்டும் மாட்டிக்கொண்டார். மட்டையாலும் மண்வெட்டிக் காம்பாலும் வெளுத்திருந்தார்கள். மண்டை பிளந்து சட்டை முழுக்க ரத்தம். அதற்குள் புரை எடுத்திருந்த கண்ணோடு, தெருவோடு சேர்ந்து ஓடி வந்த என் அம்மா செருப்பைக் கழற்றி அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. விலா எலும்பில் ஓர் உதை விட்டேன். இன்றுவரை அதற்காக ஒரு பொட்டு வருத்தம் கிடையாது.

தம்பியைத் தூக்கி ஒரு வேனில் போட்டிருந்தார்கள். உதடு கிழிந்து, ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். துண்டு நனைந்து சொட்டியது. வேன் கிளம்பும்போது, "வண்டிய வயல்ல எறக்கச் சொல்லுக்கா" என்றான்.

இறக்கினார்கள். மன்னார்குடியிலிருந்து வேறு டிரைவர் வந்தார். மழைக்கு முன்னால் தெருவில் பாதி வயல் தப்பியது. மீதி சாய்ந்து தண்ணீரில் முளைத்துப்போனது. பண்ணை வயல் முழுக்க அப்படித்தான் போனது. போலீஸ் இரண்டு பக்கமும் கேஸ் போட்டது. அது ஓடிக்கொண்டிருக்கிறது. வாய்தா நாட்களும் காலண்டரில் மஞ்சளாக ஏறிவிட்டன.

தம்பியின் கையை நான் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. "கட்டையால அடிச்சாங்களாடா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான்.

"காலண்டர்ல அக்கா போட்டபடிதான் வண்டி போகும்னேன். அப்பன்னா போனக் குடுடான்னாங்க. புடுங்கிக்கிட்டாங்க. அதத் தொறக்க வெரல் வேணும்ல. நான் கைய மூடிக்கிட்டேன். பிரிச்சாங்க."

"அப்பறம்?" என்றேன்.

"நீ மாத்துன பெறவு பாத்தா போன் மறுபடி பூட்டிக்கிச்சு. மறுபடி அதே வெரல எடுத்து வச்சாங்க. நீ மாத்த மாத்த வச்சாங்கக்கா."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய்ச் சுவரில் கையை ஓங்கி அடித்தேன். தோல் உரியும்வரை அடித்தேன். நர்ஸ் வந்து பிடித்து இழுத்தாள். திரும்பி வந்து, "வலிச்சப்ப மாத்தாதக்கான்னு ஒரு தடவையாவது நெனச்சிருப்பியேடா" என்றேன்.

"நெனச்சேன்" என்றான். "மொதத் தடவ நெனச்சேன். அப்பறம் நீ திருப்பி வைக்க வைக்க அவன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். நிறுத்திடாதன்னு நெனச்சேன்." என்னை முறைத்து, "கடைசியில நிறுத்திட்டியே" என்றான். அப்போதும் அவன் கோபம் அதுதான்.

விரல் ஒட்டிவிட்டது, கோணலாக. மறுபடி வண்டி ஓட்டுகிறான், மறுபடி நாட்களை மாற்றுகிறான். மழையென்றும் டீசல் இல்லையென்றும் பெல்ட் அறுந்ததென்றும் என் போன் கத்திக்கொண்டே இருக்கிறது. நான் எதையும் திருப்பி வைப்பதில்லை. கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து அவனுக்கு வீடியோ கால் போடுகிறேன். "நான்தான்க்கா மாத்துனேன், நல்லாத்தான் இருக்கேன், வேலையப் பாரு" என்று எரிந்து விழுவான். "வாயால சொல்லாத. கையக் காட்டுடா" என்பேன். காட்டிய பிறகுதான் வைப்பேன்.