மீரா தண்ணீர் கேட்ட வாரங்கள்

"எப்போதிலிருந்து இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்?"

ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையின் சிறுவர் பிரிவில், என் மகளின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே டொக்டர் இதைக் கேட்டார். "இரண்டு கிழமை" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "மூன்று வாரம்" என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவர் சுதன், "இல்லை கீதா, கோடை விடுமுறையிலையும் குடிச்சவள்தானே" என்றார். டொக்டர் தலையை நிமிர்த்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து ஊசியை ஏற்றினார்.

ஐந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்றும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. எங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும் முடியும்.

நாங்கள் நான்கு வருடங்கள் பின்லாந்தில், தம்பரே என்ற நகரத்தில் இருந்தோம். சுதனின் வேலை அங்கே. போகும்போது மீராவுக்கு இரண்டு வயது, திரும்பி வரும்போது ஆறு. எங்கள் இருவருக்கும் அது வீடு திரும்புதல். ஒஸ்லோவின் குரோருட்டில் வாடகைக்கு விட்டுப் போன அதே அடுக்குமாடி வீடு, அதே சமையலறை யன்னல், இரண்டு வாசல் தள்ளி சுதனின் அக்கா வதனி மச்சாள். மீராவுக்கோ எல்லாவற்றையும் விட்டு வந்த இடம். எங்களோடு தமிழ் பேசினாள். பொம்மைகளோடு பின்னிஷ் பேசினாள். நோர்வேஜிய மொழியில் நாலைந்து சொற்கள்தான் தெரியும்.

"பின்லாந்துக்காரர் வந்து இறங்கீட்டினம்!" என்று வதனி மச்சாள் வாசலில் நின்று கையைத் தட்டினார். மீரா என் பின்னால் ஒளிந்தாள். "என்ன பிள்ளை, மாமியைக் கண்டு வெக்கமோ? இல்லை, மாமிக்கு பின்னிஷ் தெரியாதெண்டு கோவமோ?"

ஓகஸ்ட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. செப்டெம்பரில், ஒருவேளை அதற்கும் முன்பே, அவள் மாறத் தொடங்கினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பின்லாந்தில் பாலர் பள்ளியில் மதியம் சுடச்சுடச் சாப்பாடு கொடுப்பார்கள். இங்கே பெட்டியில் பாணும் சீஸும். மெலிந்து போனாள் என்றால் அதனால்தான். காய்ந்த பாண் தொண்டையில் இறங்காமல்தான் தண்ணீர் குடிக்கிறாள். காலையில் படுக்கை நனைந்திருந்தால் புது அறை, பழகவில்லை. பின்னேரம் சோபாவில் சுருண்டு கிடந்தால் நாள் முழுக்கப் புரியாத மொழியைக் கேட்ட களைப்பு. வகுப்பு ஆசிரியையும் அதையே எழுதினார்: மீரா அடிக்கடி கழிப்பறைக்குப் போகிறாள், புதிய சூழலில் பிள்ளைகள் அப்படிச் செய்வதுண்டு, பொறுமையாக இருப்போம். அந்தக் குறிப்பை வாசித்து நான் நிம்மதி அடைந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மச்சாள் ஊரிலிருந்து வந்த நெல்லிக் கிறஷ் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நெல்லிச்சாறும் சீனிப்பாகும் கலந்து காய்ச்சிய பானம். தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. "பிள்ளை எலும்பும் தோலுமாய்ப் போட்டுது. இதைக் கரைச்சுக் குடு, தெம்பு வரும்." நான் கரைத்துக் கொடுத்தேன். பள்ளிவிட்டு வந்ததும் ஒரு குவளை. பிறகு இரண்டு. அவள் நின்ற நிலையிலேயே மூச்சு விடாமல் குடித்துவிட்டு, குவளையை நீட்டுவாள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஏதோ ஒன்றையாவது ஆசையாகக் குடிக்கிறாளே.

ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. வெளிநாடு போனபோது எங்கள் குடும்ப மருத்துவரின் பட்டியலிலிருந்து பெயர்கள் போய்விட்டன. திரும்பி வந்து பதிந்து, புதிய மருத்துவர் கிடைக்க நாளெடுத்தது. ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் நேரம் தந்தார்கள். டொக்டரிடம் கேட்கவேண்டியவற்றைக் கொப்பியில் எழுதி வைத்தேன். முதலாவது, பின்லாந்தில் போட்ட தடுப்பூசிகளை இங்கே பதிவது. இரண்டாவது, என் முதுகுவலி. மூன்றாவது, மீரா படுக்கையை நனைப்பது.

அவசர சேவைக்கு ஏன் தொலைபேசி எடுக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். நான் நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட்டில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். எட்டு வயதிலிருந்தே அலுவலகங்களிலும் மருத்துவமனையிலும் அவர்களுக்கு மொழிபெயர்த்தவள் நான். எங்கள் முறை வரும்வரை இருக்கவேண்டும், அவசரம் இல்லாததை அவசரம் என்று சொல்லக்கூடாது, எங்களால் யாருக்கும் சிரமம் வரக்கூடாது. இந்த ஒழுங்கு எனக்குள் எலும்பைப் போல இருந்தது. நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை காலை. தமிழ் வகுப்புக்கு மச்சாள் தன் காரில் மீராவை ஏற்றிப் போவது வழக்கம். சட்டை போட்டுவிடும்போது மீரா வாந்தி எடுத்தாள். அதற்கு முதல் நாளும் எடுத்திருந்தாள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, சோபாவில் கிடத்தினேன். மச்சாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அவளுக்கு மேலே குனிந்தார்.

"கீதா, இஞ்சை வாரும். இந்த மூச்சைப் பாரும்."

ஓடி வந்து நின்ற பிள்ளையைப் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனேன். வாயிலிருந்து அழுகத் தொடங்கிய அப்பிளின் மணம் வந்தது.

"செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டை நேரம் இருக்கு மச்சாள்" என்றேன்.

"உம்மடை செவ்வாய்க்கிழமையைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடும்! அம்புலன்சுக்கு அடியும்!"

தொலைபேசியை எடுத்தது நான்தான். ஆனால் மச்சாள் வந்திருக்காவிட்டால் எடுத்திருப்பேனா என்று தெரியாது. எடுத்தவுடன் நான் சொன்ன முதல் வார்த்தை "மன்னிக்கவும்".

அம்புலன்சில் வந்தவர் மீராவின் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தார். கருவியில் எண் வரவில்லை. பழுதாக்கும் என்று நினைத்தேன். அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டால் அது எண் காட்டாது என்று பிறகுதான் சொன்னார்கள்.

முதலாம் வகை நீரிழிவு (இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும் நோய்). அதோடு கீற்றோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாததால் சீனியைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரித்து, இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை). "இன்னும் ஒரு நாள் போயிருந்தால்" என்று தொடங்கிய டொக்டர் அந்த வசனத்தை முடிக்கவில்லை.

சீனியை வேகமாக இறக்கினால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு. அதனால் மெல்ல மெல்ல இறக்கினார்கள். மணிக்கு ஒரு தடவை கண்ணில் வெளிச்சம் அடித்து, பெயர் என்ன என்று கேட்பார்கள். நோர்வேஜிய மொழியில் கேட்டதற்கு அவள் பேசவில்லை. தாதியின் முகம் மாறியது. நான் தமிழில் கேட்டேன். பதில் இல்லை. சுதன் பின்னிஷில் கேட்டார். "மீரா" என்றாள். உடனேயே "வெத்தா" என்றாள்.

வெத்தா என்றால் தண்ணீர். அவள் வாயால் எதுவும் குடிக்கக்கூடாத நேரம் அது. ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டுவிட மட்டும் அனுமதி. எத்தனையோ வாரங்களாகக் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன், ஏன் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை. இப்போது ஏன் என்று தெரிந்தது, கொடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அன்று காலை டொக்டர் எங்களிடம் தெளிவாகச் சொன்னார்: இனிப்பான பானம் இந்த நோயை உண்டாக்கவில்லை. கடைசி வாரங்களில் சீனியை இன்னும் ஏற்றியிருக்கும், அவ்வளவுதான்.

மத்தியானம் மச்சாள் வந்தார். உள்ளே வராமல் நடைவழியில் கைப்பையை இறுகப் பிடித்தபடி நின்றார். "நான் தந்த கிறஷ்ஷாலையோ கீதா?"

"தெரியாது மச்சாள். டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? பலமுறை யோசித்துவிட்டேன். அந்தப் பாரத்தை இன்னொருவரும் என்னோடு சேர்ந்து தூக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். தினமும் கரைத்துக் கொடுத்தது நான். செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தது நான். என் பிள்ளையைக் காப்பாற்றியவர் அவர்.

மூன்று கிழமைக்குப் பிறகு, எங்கள் சமையலறையில் வைத்து உண்மையைச் சொன்னேன். மச்சாள் கதிரையைப் பின்னால் தள்ளினார். "அப்ப மூண்டு கிழமையாய் நான் கோயிலிலை நிண்டு அழுதது சும்மாவோ?" பிறகு எழுந்தார். "நாலு வருசம் பின்லாந்திலை இருந்து நல்லாய்த்தான் பொய் சொல்லப் பழகீட்டீர்." ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மச்சாள் கையில் புட்டும் ஒரு சமையல் தராசும். "நிறுத்துப் பாத்தனான். இதிலை எத்தனை கிராம் மாவு எண்டு உம்மடை இன்சுலின் கணக்குக் கொப்பியிலை எழுதும்." என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

எங்கள் நாட்கள் இப்போது வேறு மாதிரி. மீராவின் மேற்கையில் ஒரு உணரி (தோலுக்கடியில் சீனியின் அளவை இடைவிடாமல் பார்க்கும் சிறு வட்டம்) ஒட்டியிருக்கிறது. எண் என் தொலைபேசிக்கு வரும். அவள் சாப்பிடுமுன் சாப்பாட்டின் மாச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போடவேண்டும். பாண் துண்டுக்கு அட்டவணை உண்டு. இடியப்பத்துக்கும் ரொட்டிக்கும் நாங்களே செய்துகொண்டோம். பிறந்தநாள் வீடுகளுக்கு அவள் தனியே போவதில்லை. நான் மூலையில் ஒரு கதிரையில் இருப்பேன். மற்றத் தாய்மார் எனக்குக் கேக் நீட்டுவார்கள்.

நெல்லிக் கிறஷ் போத்தல் இன்னும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது. வீசிவிட நினைத்தேன். ஒருநாள் மீராவின் சீனி சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கியபோது (இன்சுலின் கூடினால் அப்படி ஆகும், உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும்) கைக்கு அகப்பட்டது அதுதான். அன்றிலிருந்து அதுவும் மருந்து.

அவளைக் கட்டிப்பிடிக்கும்போது உணரி எந்தக் கையில் என்று முதலில் பார்க்கிறேன். சிரிக்கிறாளா என்று பார்க்குமுன் எண்ணைப் பார்க்கிறேன். மணிக்கூட்டில் நேரம் பார்த்தால் அடுத்த சாப்பாட்டுக்கு எவ்வளவு இருக்கிறது என்றுதான் தெரிகிறது. எனக்குத் தாகம் எடுத்தால் இது எத்தனையாவது குவளை என்று எண்ணுகிறேன். சிங்கில் கிடக்கும் குவளைகளையும் எண்ணுகிறேன். சுதன் இரண்டு தடவை தண்ணீர் குடித்தால் அவரையும் பார்க்கிறேன். "நான் நல்லாய்த்தான் இருக்கிறன் கீதா" என்பார். கேட்டுவிட்டும் பார்ப்பேன். போன வருடத்து ஓகஸ்ட்டும் செப்டெம்பரும் எனக்கு ஒரே நாளாகிவிட்டன. அதில் எந்தக் குவளை முதலாவது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முன்பு, சாப்பாட்டு மேசையில் மீரா கேட்டாள்.

"அம்மா, எனக்கு இது எங்கை வந்தது? பின்லாந்திலையோ, இஞ்சையோ?"

"ஏன் குஞ்சு?"

"இஞ்சை வந்ததெண்டால், நாங்கள் திரும்பி அங்கை போவம். அது இஞ்சையே நிக்கட்டும்."

சுதன் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இது போகாத நோய் என்பதை மருத்துவமனையில் அவளுக்குப் படம் காட்டி விளக்கியிருந்தார்கள். அவளும் தலையாட்டியிருந்தாள். அவ்வளவு நாளும் அவள் திரும்பிப் போகும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

"சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றேன். அதன்பிறகு மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் வேறு ஏதோ சொன்னேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கே போனாலும் அது கூடவே வரும் என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொன்னீர்கள்? யார் சொன்னீர்கள், தாயா தகப்பனா? எப்போது தொடங்கியது என்று உங்கள் பிள்ளை கேட்டபோது, தெரியாது என்றே சொல்லிவிட்டீர்களா? அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் நான் ஒரு செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவேண்டுமா, எந்த வயதில்?

நாலரைக்குப் பள்ளிவிட்டு வருவாள். முதலில் எண்ணைப் பார்ப்பேன். பிறகு அவள் அதே கேள்வியைக் கேட்பாள்.