சந்தனத்தின் ஒரு மில்லிமீட்டர்

ரேடியோ தொலைநோக்கியின் ராட்சதக் கிண்ணத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை, புவியீர்ப்பால் வந்த வளைவு என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான். வண்ண வரைபடம் இரண்டு, இணைப்பாக.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அந்தக் கிண்ணத்தின் அலுமினியத் தகடுகளைச் செய்கிறது. அனுப்புமுன் மொத்தத்தையும் யார்டில் பூட்டி, வளைவு சரிதானா என்று அளந்து காட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாங்குபவர்கள் வேண்டாம் என்றுவிடுவார்கள். தகடுகளில் நான் பென்சிலால் வட்டம் போடுவேன். தகடுகளைப் பூட்டும் ஃபிட்டரின் ஆட்கள் அவற்றில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கிரேன் கூடையிலிருந்து படமெடுத்தால், ஒவ்வொரு ஸ்டிக்கரும் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணினி சொல்லிவிடும். அதை ஏசி அறையில் உட்கார்ந்து நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆயுத பூஜை முடிந்து எடுத்த அளவில், விளிம்பு முழுக்க ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. வாங்குபவர்களின் பரிசோதனைக்கு நான்கே நாள். நடுப்பகுதி எடையால் அமிழ்கிறது, விளிம்பு எழும்புகிறது என்று, கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். புதுவாயலிலிருந்து வரும் ஃபிட்டர் மட்டும், "பூட்டசொல்லோ சரியாத்தான சார் இருந்துச்சு" என்றார். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி, விளிம்புத் தகடுகளின் திருகுகளை இரண்டு நாள் அவரையே திருக வைத்தேன். கணினியின் வரைபடம் முழுக்கப் பச்சையானது, பிசகே இல்லை என்று. எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வெயிலில் ஒரு ஸ்டிக்கர் உரிந்து விழுந்தது. ஃபிட்டர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தார். பின்பக்கம் காய்ந்த வில்லை.

"மோந்து பாரு சார்."

மோந்தேன். பூஜையன்று அவருடைய ஆட்கள், ஓரத்துச் சாரத்தில் நின்று கைக்கு எட்டிய விளிம்புத் தகடுகளுக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கிறார்கள், சரியாக என் வட்டங்களில். பொட்டு வைக்கத்தான் சார் இடம் குறித்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். குங்குமத்தைத் துடைத்துவிட்டு, சாமிக்கு வைத்த சந்தனமாயிற்றே என்று அதை மட்டும் விட்டு, அதன் மேலேயே ஸ்டிக்கர்.

சந்தனத்தைத் துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டினோம்; திருகியதையெல்லாம் பழையபடி திருப்பி, மறுபடி அளந்து முடிக்க இரவாகிவிட்டது. மறுநாள் வந்த பரிசோதனை அதிகாரி அம்மா அளவுகளைப் பார்த்துவிட்டு, வளைவு பிரமாதம் என்று என் கையைக் குலுக்கினார். நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் ஃபிட்டர் சொன்னார்: "பொட்டு வச்சது எங்க தப்புதான் சார். ஆனா அது ஈரத்துணில தொட்சதும் பூட்ச்சி. நீ சரி பண்ணத சரி பண்றதுக்குள்ளதான் தோளு வுட்டுப்போச்சு."