சென்காவின் இடது கால்

டென்னிஸில் ஒரு புள்ளி முடிந்ததும் சென்காவின் இடது கால் வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. பந்து குத்திய தழும்பு, யாரோ சறுக்கிய கோடு, காலணி கிளப்பிய மேடு என்று செம்மண்ணில் எது கிடந்தாலும், கொத்தனார் பூச்சுக் கரண்டியால் இழுப்பதுபோல் பாதத்தைச் சாய்த்து ஒரு தேய்ப்பு. அதோடு இடம் சமம். தான் தேய்ப்பது அவளுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே தேய்ப்பாள், தண்ணீர் குடித்துக்கொண்டே தேய்ப்பாள். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது நடைபாதைக் கல்லைக்கூடத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

காரணம் அவளுடைய அப்பா ரதிவோய். செர்பியாவில் கனிஷா ஊர் டென்னிஸ் கிளப்பில் ஆடுகளங்களைப் பராமரிப்பவர். ஆடிவிட்டுத் தழும்பை அப்படியே விட்டுப் போகிறவர்களை, கிளப் தலைவரே ஆனாலும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவார். "அண்ணே, இந்தப் பள்ளம் உங்க வீட்டுதா? மூடிட்டுப் போங்க. அடுத்து வர்றவன் கணுக்கால் போயிடும்." அவர் மகள் நடக்கப் பழகியதே அந்த மண்ணில்தான்.

வயது பத்தொன்பது. குட்டை. தட்டைப் பாதம். வலது பெருவிரல் நகம் கறுத்து விழுந்து, புதிது பாதி முளைத்திருக்கிறது. அதைச் சொல்லி அவள் யாரிடமும் புலம்புவதில்லை. பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள். முழங்காலில் சிராய்ப்பு இல்லாத நாள் கிடையாது. மண்ணோடு சேர்த்தே களிம்பைப் பூசிக்கொள்ளும் ஆட்டக்காரிகள் நிறையப் பேர். இவள் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அதன் பிறகே களிம்பைத் தொடுவாள்.

தனியாக ஆடினால் சென்கா தோற்பாள். பின்கோட்டிலிருந்து அவள் அடிக்கும் பந்தில் வேகம் போதாது. வலையருகே நிறுத்தினால் கதை வேறு. மேசையிலிருந்து விழும் கோப்பையைப் பார்க்காமலே பிடிக்கும் கை அவளுக்கு. எதிராளி மட்டையை ஓங்கும்போதே பந்து போகப்போகும் இடத்துக்கு அவள் போய்விடுகிறாள். அதனால் இரட்டையர் ஆட்டம் மட்டும் போதும் என்று பதினேழு வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். கிளப்பில் சீட்டாடும் பெரியவர்களுக்கு இது பொறுக்கவில்லை.

"ஜோடி ஆட்டமெல்லாம் முட்டி போனவங்க ஆடறதும்மா."

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு மாமா. கூட ஆட ஆள்தான் இல்ல."

அது உண்மை. இரட்டையர் உலகில் இருவருடைய தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் பெரிய போட்டிக்குள் விடுவார்கள். ஜோடியில் ஒருத்தி மேலே ஏறினால், இன்னும் மேலே இருக்கிற இன்னொருத்தியோடு போய்விடுவாள். யாரும் அதைத் துரோகம் என்று சொல்வதில்லை. சென்காவை அப்படி விட்டுப் போனவர்கள் எல்லோருமே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது கூட ஆடுவது இல்திகோ. பக்கத்து நகரமான சுபோத்திட்சாவின் ஹங்கேரியக் குடும்பத்துப் பெண். நெட்டை. அவள் சர்வ் போட்டால் எதிரே நிற்பவளுக்குக் கண் சிமிட்ட நேரம் இருக்காது. மனதில் உள்ளது அப்படியே வாயில் வரும். பாலிச் ஏரிக்கரைப் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று காலை, காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"நேராவே சொல்லிடறேன்டி. பிராக் போட்டிக்குத் தன்கூட வரச்சொல்லி ராட்கா கேட்டிருக்கா. அவ தரவரிசைக்குக் கண்ண மூடிட்டு உள்ள விட்டுடுவாங்க. இன்னைக்கு ஜெயிச்சா நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தே உள்ள போயிடலாம், நான் உன்கூடத்தான். தோத்தா அவகூடப் போயிடுவேன். கோவிச்சுக்காத."

"கோவம் என்ன. கயித்த இறுக்கிக் கட்டு, அவுந்து கிடக்கு" என்றாள் சென்கா.

எதிரே இரண்டு ருமேனியப் பெண்கள். முதல் செட்டை சென்காவும் இல்திகோவும் எளிதாக எடுத்தார்கள். இரண்டாவது செட் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ருமேனியர்கள் ஒரு புள்ளி எடுத்தால் செட் அவர்களுக்கு என்று வந்து நின்றது. அவர்கள் அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டி ஒரு விரல் தள்ளி விழுந்தது. இல்திகோ விரலை உயர்த்தி "வெளியே" என்றாள். ருமேனியர்கள் ஒப்பவில்லை. தழும்பைப் பார்க்க நடுவர் தன் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார்.

வந்து பார்த்தபோது அங்கே தழும்பே இல்லை. சென்காவின் இடது கால் அதைத் தேய்த்து முடித்திருந்தது.

செம்மண் ஆட்டத்தில் தன் பக்கத்துத் தழும்பை அழித்தவள் புள்ளியை விட்டுக்கொடுத்தவள். புள்ளி போனது, அதோடு செட்டும் போனது. பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் ரதிவோய் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் உட்கார்ந்த இல்திகோ துவாலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். துவாலையில் ஈரமே இல்லை.

"திட்டிடுடி. உள்ள வச்சிக்காத, வயிறு கெட்டுப்போயிடும்."

இல்திகோ ஹங்கேரிய மொழியில் திட்டினாள். நீளமாக, மூச்சு விடாமல்.

"எனக்கு ஹங்கேரியன் தெரியும்."

"தெரியும்னுதான் அதுல திட்டறேன். செர்பியன்ல இவ்வளவு வார்த்த இல்ல."

"எங்கம்மாவ எதுக்கு இழுத்த?"

"உங்கம்மாவச் சொல்லல. உன் காலப் பெத்தவளச் சொன்னேன்."

சென்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் இல்திகோவும் சிரித்தாள். மிச்சமிருந்த வாழைப்பழத்தை ஆளுக்குப் பாதி தின்றார்கள். மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஒரு டைபிரேக். முதலில் பத்துப் புள்ளி எடுக்கும் ஜோடிக்குக் கோப்பை.

"நீ சும்மா சர்வ் போடு. மத்தது எதுவா இருந்தாலும் நான் வெட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு சென்கா வலைக்கு நடந்தாள். சொன்னபடியே வெட்டினாள். இடப்பக்கம் பாய்ந்து ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தலைக்கு மேலே போகவிருந்ததை எகிறி ஒன்று. ருமேனியர்களுக்கு அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதே குழம்பிப்போனது.

எட்டுக்கு எட்டு என்று இருந்தபோது மறுபடியும் ஒரு பந்து கோட்டருகே விழுந்தது. மறுபடியும் சண்டை. நடுவர் மறுபடியும் இறங்கினார். தழும்பருகே போயிருந்த சென்காவின் இடது பாதம் தரையை விட்டு எழும்பியிருந்தது.

"கால்!" என்று இல்திகோ அலறினாள்.

சென்கா அப்படியே உறைந்தாள். நடுவர் ஆடுகளத்தைக் கடந்து, குனிந்து, பார்த்து, விரலால் காட்டும்வரை கொக்குப்போல் ஒற்றைக் காலில் நின்றாள். தழும்பு இருந்தது. கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. ஒன்பது.

"இப்ப இறக்கலாமா?"

"இன்னும் ஒரு புள்ளி கழிச்சு இறக்கு!"

அந்த ஒரு புள்ளிக்கு ருமேனியப் பெண் வலையைப் பார்த்து, சென்காவின் நெஞ்சைக் குறிவைத்தே அடித்தாள். வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். சென்கா மட்டையைத் தாலியாட்டம் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். பந்து அதில் பட்டு வலைக்கு அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்து செத்தது. இல்திகோ அவளை இடுப்போடு தூக்கிவிட்டாள். ரதிவோய் தொப்பியை மேலே எறிந்தார். அது வேலியில் மாட்டிக்கொண்டது. எடுக்க அவர் போகவில்லை, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

கோப்பை சிறியது, ஈயம் போன்ற எடை. அதைத் தரையில் வைத்துவிட்டு, ஆடுகளத்துக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் சென்கா புளிப்புச் செர்ரி வைத்த பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். இல்திகோவின் கைப்பேசி அடித்தது. அவள் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ராட்கா. பாவம்டி, நான் எப்படிச் சொல்றது?"

"நேராப் பேசறவளாச்சே நீ. இங்க குடு."

விரலெல்லாம் செர்ரிச் சாறு. இல்திகோ நீட்டிய கைப்பேசியில் சென்கா முழங்கையால் பொத்தானை அழுத்திக் காதைக் கொண்டுபோய்த் திரையருகே வைத்தாள்.

"ராட்காவா? சென்கா பேசறேன். நாங்க ஜெயிச்சிட்டோம். இல்திகோவா? குளிக்கப் போயிருக்கா. எப்ப வருவாளா? பிராக் போட்டி முடிஞ்சதும் வந்துடுவா."

அந்தப் பக்கம் ராட்கா சத்தமாகச் சிரிப்பது இல்திகோவுக்கும் கேட்டது. சென்கா கட்டைவிரலை நக்கிச் சுத்தம் செய்தாள். பிறகு பெஞ்சின் மீதியை அடைத்துக்கொண்டிருந்த தன் பையைத் தூக்கிப் புல்லில் வைத்துவிட்டு, இல்திகோவைப் பார்த்து, காலியான இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.