இடப்பக்கம் சுற்றிய கட்டர்

தினமும் காலையில் நான் சாஃப்ட்வேரைத் திறந்ததும் அது இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொல்லி நல்வரவு கூறும். அவர் எங்கள் ஓனரின் தம்பி. பட்டறைக்காக அதை வாங்கியபோது தன் பெயரில் பதிந்திருந்தார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய மழைக்காலத்தில், செங்கம் சாலையில் பைக் விபத்தில் போய்விட்டார். அவர் முகத்தை ஓனர் மேசைக்கு மேலே மாலை போட்ட படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் உட்கார்கிறேன். அதன் கைப்பிடியில் அவருடைய கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான ஓர் இடம் இருக்கிறது. நான் யோசிக்கும்போது என் விரலும் அங்கேதான் போய் நிற்கும்.

பட்டறை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் சந்தின் முனையில் இருக்கிறது. வார்ப்பில் வரும் இரும்பைச் சீவி அளவாக்கும் மெஷின்கள் இரண்டு. கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வழி போட்டுக் கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா இன்றைக்கும் கைநாட்டுதான். நான் எழுதுவதை ஒரு மெஷின் படித்து, எழுதியபடியே செய்கிறது என்று முதல் மாதச் சம்பளத்தன்று அம்மாவிடம் சொன்னபோது, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

போன வருடம் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. எங்களுக்கு மெயில் வந்தது. எங்களுக்கு என்றால், அவருக்கு. 'அன்புள்ள' என்று அவர் பெயரைப் போட்டு, உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி என்று தொடங்கியது. பழைய சாஃப்ட்வேரை இனிமேல் விற்க மாட்டார்கள், திருத்த மாட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டரில் அது ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் போய்விட்டால் இன்னொன்றில் போட முடியாது. புதியதற்கு மாறிக்கொள்ளலாம்.

எங்கள் பழைய கம்ப்யூட்டருக்குள்ளோ, யாரோ நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

"தம்பி போட்ட ப்ரோக்ராம் எல்லாம் இதுக்குள்ளதாம்மா கெடக்குது. புதுசுக்குக் கொண்டாந்துட முடியுமா?" என்று ஓனர் கேட்டார்.

"முடியும் சார்."

"முடியலன்னா இப்பவே சொல்லிடு, தப்பில்ல. சென்னையில ஒரு ஆபீஸ் இருக்குது. ட்ராயிங் அனுப்புனா அவனே ப்ரோக்ராம் போட்டு அனுப்பிடறானாம். அப்புறம் இங்க தனியா ஒரு ஆளு…"

அவர் மிரட்டவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. என் கை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

புதிய கம்பெனியிலிருந்து ஒரு பெண் அடிக்கடி போன் செய்தாள். நல்ல குரல்.

"சார் இருக்காரா மேடம்?"

"அவர் இறந்துட்டாருங்க."

"ஓகே மேடம். எப்ப கூப்பிட்டா அவர்கிட்ட பேசலாம்?"

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, படத்தைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புதிய சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க ஒரு மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே புதியதை வைத்தேன். முதலில் வந்தது ஒரு பம்ப் மூடி. பழைய கஸ்டமர், தானே வார்ப்புகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். அந்த மூடியில் வட்டமாக எழும்பி நிற்கும் ஒரு விளிம்பு உண்டு. அது வழவழப்பாக வராவிட்டால் பம்ப் ஒழுகும். தம்பி போட்ட பழைய ப்ரோக்ராமைப் புதியதில் திறந்தேன். ஒரு குறையும் சொல்லாமல் திறந்துகொண்டது.

அன்று பௌர்ணமி. ஓனர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். பொழுது சாயும்போது சந்து முனையில் கூட்டம் தொடங்கியது. என் ஜன்னல் மலையைப் பார்த்தது. வலது ஓரத்தில் ஆட்கள் தோன்றுவார்கள், இடது ஓரத்தில் மறைவார்கள். செருப்பில்லாத கால்கள் என்பதால் பெரிய சத்தம் இருக்காது. யாரோ ஈரத்துணியை இழுத்துக்கொண்டே போவது போல ஒரு சத்தம், நிற்காமல்.

நான் திரையில் கட்டரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டீ கிளாஸோடு வந்து என் பின்னால் நின்றார்.

"இன்னாம்மா இது?"

"எது அண்ணா?"

"எதிர்ப்பக்கமா போவுது பாரு."

எங்கள் பட்டறையில் கட்டரின் சுற்றுக்குக் கிரிவலம் என்றே பெயர். கட்டர் எப்போதும் பொருளைத் தன் வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றும், வெளியே மலையைச் சுற்றுகிறவர்களைப் போல. அப்படிப் போனால்தான் விளிம்பு சுத்தமாக வரும். திரையில் அது இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலில் கூட்டம் இந்தப் பக்கம் போக, கண்ணாடிக்கு இந்தப் புறம் அது மட்டும் அந்தப் பக்கம் போனது. அவசரமே இல்லாமல் போனது.

"இப்டி சுத்துறது கொள்ளி வெக்கிற அன்னிக்கித்தான்," என்றார் அண்ணன்.

"அண்ணா, இதுல சாமி சமாச்சாரம் ஒண்ணும் இல்ல. இப்படிப் போனா விளிம்பு சொரசொரன்னு வரும். அவ்ளோதான்."

"சரிம்மா படிச்ச பொண்ணு. நீ சொல்றதுக்கும் சேத்து, நான் சொல்றதுக்கும் சேத்து, பட்டன நான் அமுக்க மாட்டேன்."

அவர் டீயை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் வேறு ப்ரோக்ராம்களைத் திறந்தேன். நான் போட்டவை எல்லாம் வலமாகவே சுற்றின. ஓனரின் தம்பி போட்டவை எல்லாம் இடம். ஒன்றுகூடத் தப்பவில்லை. பழைய கம்ப்யூட்டரில் அதே ப்ரோக்ராமைத் திறந்தால் வலம். இரண்டு திரையிலும் ஒரே மூடி, இரண்டு கட்டர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவை எதிரெதிரே வந்து, ஒன்றை ஒன்று தாண்டிப் போயின.

மறுநாள் அந்த நல்ல குரலுக்கு நானே போன் செய்தேன்.

"வலமா, இடமான்னு ப்ரோக்ராம்ல டிக் பண்ணியிருந்தா அப்படியே வந்துடும் மேடம். டிக் பண்ணலன்னா அந்தந்த கம்ப்யூட்டர்ல என்ன செட்டிங் இருக்கோ அதை எடுத்துக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தபடி நான் ஒவ்வொன்றிலும் டிக் போடுகிறவள். அவர் போடாமல் கம்ப்யூட்டரை நம்பி விட்டிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அவள் சொன்ன இடத்தில் பழைய கம்ப்யூட்டரின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன்.

அங்கே இடம் என்றுதான் இருந்தது.

"இடம்னுதாங்க இருக்குது. ஆனா கட்டர் வலமாதான் போவுது."

"எனக்குத் தெரியல மேடம். பழசைப் பண்ணவங்க யாரும் இப்ப எங்ககிட்ட இல்ல. கம்பெனியை வாங்குனப்பவே எல்லாரும் போயிட்டாங்க."

அப்படியானால் அந்த வலம் எங்கே இருந்தது? ப்ரோக்ராமில் இல்லை, செட்டிங்கில் இல்லை, கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. நகத்தால் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள் எங்கோ இருந்தது. பெட்டி நின்றுபோனால் அதுவும் போய்விடும். கூடவே என் நாற்காலியும்.

புதிய கம்ப்யூட்டரின் செட்டிங்கை ஒரேயடியாக வலம் என்று மாற்றிப் பார்த்தேன். பாதி ப்ரோக்ராம்களில், இடமாகவே சுற்ற வேண்டிய உள்குழிகளும் சேர்ந்து வலமாகிவிட்டன. வேறு வழியில்லை. பழைய திரையில் தம்பியின் கட்டரை மெதுவாக ஓடவிட்டு, அது போகிற வழியைப் பார்த்துப் பார்த்துப் புதிய திரையில் நான் போட்டேன், ஒவ்வொரு வழிக்கும் டிக் வைத்து. அது முன்னால் போனது, நான் பின்னால் போனேன். அவர் போட்ட எல்லாவற்றிலும் கட்டர் இறங்குவதற்கு முன்னால் காற்றில் ஒரு கணம் நின்றது. வேலைக்குத் தேவையில்லாத நிறுத்தம். முதல் சிலவற்றில் அதை எடுத்துவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, திரும்பப் போய் எல்லாவற்றிலும் சேர்த்தேன்.

சில நாள் வேலைக்கு நடுவே தட்டும் சத்தம் நின்றுவிடும். நானும் கையை எடுத்துவிட்டு அசையாமல் இருப்பேன். மறுபடி தட்டியதும்தான் வேலையைத் தொடர்வேன்.

மூடியை மெஷினில் ஏற்றிய காலை ஓனரும் வந்து நின்றார். அண்ணன் முதலில் திரையில் ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். அப்புறம் பட்டனை அமுக்கினார். கட்டர் இறங்கி வந்து, காற்றில் ஒரு கணம் நின்றது. ஓனரின் உதடு அசைந்தது. பிறகு அது வலமாகத் தொடங்கியது.

முடிந்ததும் ஓனர் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினார். அவரும் வலமாகத்தான் தடவினார்.

"அவன் போட்டா மாதிரியே இருக்குதும்மா."

நான் போட்டது என்று சொல்லவே வாய் துடித்தது.

"சென்னைக்காரன் வேணாம். புதுசு வாங்கிடலாம். உன் பேர்லயே பதிஞ்சுடு."

பழையதை என்ன செய்வது என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும். அணைக்காத," என்றார். இன்றைக்கும் மூலையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் திரையை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த வாரம், விலைக்கு வாங்கிய புதிய சாஃப்ட்வேரை முதல் முறையாகத் திறந்தேன். நல்வரவு என்று வந்தது, அடியில் என் பெயர். அப்பாவின் ரேஷன் கார்டில் தப்பாக அடித்திருந்த பெயர், பள்ளிக்கூடத்தில் நானே சொல்லித் திருத்திய பெயர், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெயிலும் வந்திருந்தது. 'அன்புள்ள' என்று என் பெயரைப் போட்டு, உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி என்று தொடங்கியது.

அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"பேரு ஏறிடுச்சா? அப்ப சரி. இனிமே நீ இருந்தாலும் இல்லாட்டியும் இது உன்னத்தான் கூப்டும்."

கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. மூலையில் நகம் தட்டிக்கொண்டிருந்தது. என் பெயருக்குக் கீழே இருந்த பொத்தானை அமுக்கி உள்ளே போனேன்.