நோன்பு பிடித்த ஆமையும் நானும்

மிருக வைத்தியரிடம் உதவியாளனாக இருப்பவனுக்கு ஒரு நாளில் ஓர் அதிர்ச்சியாவது கிடைக்கவில்லை என்றால், அன்றைக்கு கிளினிக் லீவு என்று அர்த்தம். நாய் கடிக்கும், பூனை பிராண்டும். அதெல்லாம் போகப் போகப் பழகிவிடும். கட்டுகஸ்தோட்டையில் ஆறு வருடமாகக் கடிபட்டவன் நான். என்னை ஆட்டி வைத்ததோ பல்லே இல்லாத ஒரு குட்டி ஆமை. வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்போதே எழுந்து ஓடத் தோன்றும் தொழில் எதிலாவது நீங்கள் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஆறரை மணிச் சாப்பாடு

ரினோஸா டீச்சர் அதை ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து எடுத்து வந்தது நோன்பு மாதத்தில். ஏதோ வெளிநாட்டு இனம், உள்ளங்கையளவுதான் இருந்தது. பெயர் மிட்டு. மகள் ஆசையாக வளர்த்தது. அவள் படிக்க அவுஸ்திரேலியா போனதும் பொறுப்பு டீச்சர் தலையில் விழுந்துவிட்டது. தினமும் வீடியோ கோலில் மகள் உம்மாவின் சுகத்தைக் கேட்கும் முன்பே மிட்டுவைக் காட்டச் சொல்வாளாம். "ரெண்டு கிழமயா ஒண்டும் தின்னுதில்ல மகன். இதுக்கு என்னமும் ஆயிட்டா அவளுக்கு நான் என்னத்த சொல்ற?" என்றார். கண் கலங்கிவிட்டது.

என்ன கொடுக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழமும், சின்னக் கிண்ணத்தில் நோன்புக் கஞ்சியும் என்றார் டீச்சர். என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. புல்லும் இலையும் தின்கிற பிராணிக்கு இறைச்சி போட்ட கஞ்சி! அதுவும் மாலை ஆறரை மணிக்கு! மற்ற மாதங்களில் பள்ளிக்கூடம் போகுமுன் இலை வைத்துவிட்டுப் போகிறவர்தான். வீட்டில் யாரும் பகலில் சாப்பிடாத மாதம் என்பதால் ஆமையின் நேரத்தையும் மாற்றிவிட்டார். வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் ஆமைக்குப் பசிக்கும், பொழுது சாய்ந்தால் ஓட்டுக்குள் சுருண்டுவிடும் என்று டொக்டர் விளக்கினார். டீச்சர் டப்பாவைப் பார்த்தார், பிறகு டொக்டரைப் பார்த்தார்.

"அப்ப இந்தப் பதினாலு நோன்புட நன்மயும் எனக்கா எழுதுவாங்க, இதுக்கா?"

பளபளப்பு

பெருநாள் முடிந்து சில வாரம் கழித்து மறுபடி வந்தார். இப்போது நன்றாகத் தின்கிறதாம். ஆனால் நாள் முழுக்க கண்ணாடித் தொட்டியின் ஒரே மூலையைப் போட்டுப் பிராண்டுகிறதாம். "யாரோ கண்ணூறு பட்டிருக்கு." டப்பாவை மூடியிருந்த துவாயை விலக்கினேன். திடுக்கிட்டுப் போனேன். ஓடு கண்ணைப் பறித்தது. தேங்காய் எண்ணெய்! மகள் பார்க்கும்போது அழகாக இருக்கட்டும் என்று தினமும் தேய்த்திருக்கிறார். டொக்டர் அரை மணி நேரம் துடைத்தார். கண்ணாடி என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது, வெளியே வழி இருக்கிறது என்று நடந்துகொண்டே இருக்கும், சுற்றிக் கடதாசி ஒட்டுங்கள் என்றார். கடைசியில், சிங்களவரான அவர் தனக்குத் தெரிந்த தமிழில் ஒன்று சொன்னார்.

"டீச்சர், எண்ணெய் எதுக்கு? நாங்க இவர பொரிக்கப் போறது இல்லதானே."

நான் சொன்ன தீர்ப்பு

டிசம்பர் மழை. மகள் லீவில் வர மூன்றே நாள். அதற்கு முன் மலைமேல் ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போன டீச்சர், தனியாக விட மனமில்லாமல் மிட்டுவையும் கொண்டு போயிருக்கிறார். அந்தக் குளிரில் இரண்டு நாள். திரும்பி நேராக கிளினிக்குக்குத்தான் வந்தார். டொக்டர் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். துவாய்க்குள் மிட்டு கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. கண் மூடியிருந்தது, கால்கள் தொங்கின. தொட்டேன், தட்டினேன், காலைக் கிள்ளியும் பார்த்தேன். அசைவே இல்லை. "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்றேன்.

அவர் சாவுக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து அழுதார். மகள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் எதைத் தேடுவாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். என்னால் முடிந்த உபகாரமாக ஒரு சப்பாத்துப் பெட்டி தேடிக் கொடுத்தேன்.

பெட்டிக்கு மூடி போடும் நேரத்தில் டொக்டர் வந்தார். பார்த்த மாத்திரத்தில் என் மேல் பாய்ந்தார். குளிரில் விறைத்த ஆமைக்கும் செத்த ஆமைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று அவர் கத்தியது கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி, தலையை மட்டும் மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார். முக்கால் மணி நேரம் பிடித்தேன். திடீரென்று பின்னங்கால் என் விரலை உதைத்தது. உயிருள்ள ஒன்றை நான் பெட்டியில் வைத்து மூடப் பார்த்திருக்கிறேன்! இதைச் சிரித்துக்கொண்டு எழுத இன்றைக்கும் முடியவில்லை.

இரண்டு நாள் விளக்குச் சூட்டில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் மகள் டீச்சரையும் கூட்டிக்கொண்டு விமான நிலையத்திலிருந்து பெட்டி படுக்கையோடு எங்களிடமே வந்து இறங்கினாள். மிட்டு செவ்வரத்தை இலையை மென்றுகொண்டிருந்தது. அவள் அதை நெஞ்சோடு அணைத்தபடி எனக்கு நன்றி சொன்னாள். நான் சுவரைப் பார்த்தேன். டீச்சர் வாசல் வரை போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"மகன், நாளைக்கு நான் மயங்கி விழுந்தாலும் நீங்க தொட்டுப் பாக்க வேணாம், டொக்டரக் கூப்பிடுங்க."

அன்றிலிருந்து எங்கள் கிளினிக்கில் எது செத்தது, எது சாகவில்லை என்று சொல்லும் அதிகாரம் என்னிடம் இல்லை. வருகிறவர்களை உட்காரச் சொல்லும் அதிகாரம் மட்டும் இருக்கிறது.